இருபது கிராம் பருப்பு: பொதுப்பந்தியின் அடுப்பும் உரிமைச் சட்டமும்

கொண்டைக்கடலை வேகவைப்பதைப் பற்றி வழக்கறிஞர்கள் ஏன் எழுத வேண்டும் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். காரணம் எங்கள் அனுபவத்தில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் 14 அன்று, புரட்சியாளர் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டித் திருவொற்றியூர்ப் பகுதியின் ஒரு தெருவில் சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்தினோம். முகாம் முடிந்ததும் ஏறத்தாழ 300 பேருக்குப் பொதுப்பந்தி. சோறு, சாம்பார், பொரியல், கடலைச் சுண்டல் என்பது திட்டம். சோறும் சாம்பாரும் தப்பின. கடலை வேகவில்லை. மூன்று மணி நேரம் கொதித்த பிறகும் பல்லில் கல்லாகக் கடிபட்டது. பந்தியில் முதல் வரிசையில் அமர்ந்திருந்த முதியவர்கள் ஒருவரும் குறை சொல்லவில்லை. கடலையை இலையோரம் ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்தார்கள்.

அன்று எங்களுக்குத் துணைக்கு வந்திருந்தவர், மாநகராட்சிப் பள்ளியொன்றில் பல்லாண்டுகள் சத்துணவு சமைத்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா. அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தண்ணியில ஊற வெச்சீங்க?" என்பதுதான். தெருமுனை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றோம். "கடலை மேல குத்தமில்ல, தண்ணி மேல குத்தம். கோர்ட்டுக்கு மட்டும் முந்தின நாளே தயாராவீங்க, கடலைக்கு ஆக மாட்டீங்களா?" என்றார்.

அவரிடம் அதன்பின் நாங்கள் கற்றவற்றையும், அந்த அடுப்பைச் சூழ்ந்து நிற்கும் சட்டங்களையும் இக்கட்டுரையில் சேர்த்தே விளக்குகிறோம். எவ்வளவு பருப்பு, எந்தத் தண்ணீர், யார் கை என்ற மூன்று கேள்விகளும் பொதுப்பந்தியில் சமையல் கேள்விகள்; பள்ளிச் சமையற்கூடத்தில் உரிமைக் கேள்விகள்.

பருப்பு ஏன்?

ராயபுரம் முதல் எண்ணூர் வரை துறைமுகக் கூலிகளும், மீன்பிடித் தொழிலாளர்களும், தூய்மைப் பணியாளர்களும், ஒப்பந்தத் தொழிலாளர்களும் வாழும் பகுதியில், மலிவாகக் கிடைக்கும் புரதம் பருப்பும் பயறுமே. முட்டையும் மீனும் இறைச்சியும் உண்ணும் மக்கள்தாம் நாம். அவற்றை உண்பதில் நமக்குத் தயக்கமும் இல்லை. ஆனால் நாள்தோறும் வாங்க இயலுமா என்பதைக் கூலியே தீர்மானிக்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2007 முதல் நடைமுறையில் உள்ள சிறப்புப் பொது வினியோகத் திட்டத்தின்கீழ், நியாயவிலைக் கடையில் குடும்ப அட்டை ஒன்றுக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு வழங்கப்படுகிறது. நான்கு பேர் கொண்ட குடும்பத்தில் இதைப் பகிர்ந்தால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 8 கிராம். ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமோ, நாளொன்றுக்கு 85 கிராம் அளவில் பருப்பு, பயறு அல்லது அவற்றுக்கு ஈடாக முட்டை, இறைச்சி ஆகியவை தேவை எனப் பரிந்துரைக்கிறது. எட்டுக்கும் எண்பத்தைந்துக்கும் இடையிலான இந்த வெளியைத்தான் பள்ளிச் சத்துணவு, அங்கன்வாடி, பொதுப்பந்தி ஆகியவை ஓரளவேனும் நிரப்புகின்றன. எனவே ஒரு வேளை உணவில் பருப்பு குறைந்தால் அதைச் சமையற்காரரின் கைக்குறை என்று கடந்துவிட முடியாது.

அளவு: 300 பேருக்கு எவ்வளவு?

பெருஞ்சமையலில் அளவுகள் எப்போதும் உலர்ந்த நிலையிலேயே கணக்கிடப்பட வேண்டும். உழைத்துவிட்டு வரும் பெரியவர்களுக்கு ஒருவருக்கு 150 கிராம் அரிசி வைத்தால் 300 பேருக்கு 45 கிலோ. சாம்பாருக்கு ஒருவருக்கு 20 கிராம் துவரம்பருப்பு. ஆக 6 கிலோ. இதிலிருந்து ஒருவருக்கு 200 மில்லி வீதம் 60 லிட்டர் சாம்பார் கிடைக்கும். சுண்டலுக்கு ஒருவருக்கு 40 கிராம் கொண்டைக்கடலை. ஆக 12 கிலோ. ஊறி வெந்தபின் கடலையின் எடை இரு மடங்குக்கு மேலாகும். எனவே 12 கிலோ கடலை 25 கிலோவுக்கும் மேற்பட்ட சுண்டலாகி, இலைக்கு ஒரு கைப்பிடி நிறைய விழும்.

முதல் வேலை, கடலையைப் பரப்பிக் கல்லும் தூசும் சொத்தையும் பொறுக்குவது. 12 கிலோ என்றால் நான்கு பேர் அமர்ந்து செய்ய வேண்டிய வேலை. புதிய சரக்காகப் பார்த்து வாங்க வேண்டும். வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் நெடுநாள் கிடந்த கடலையின் செல்சுவர்கள் இறுகிவிடுகின்றன. அதை எவ்வளவு கொதிக்கவைத்தாலும் உரிய பதம் வராது. எங்கள் முதல் தவறு விலை குறைவென்று பழைய சரக்கை வாங்கியது.

தண்ணீர்: எங்கள் இரண்டாவது தவறு

கடலையின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்னும் பொருள். வேகும்போது அது கரைந்தால்தான் கடலை மிருதுவாகும். கடினநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பெக்டினோடு பிணைந்து அதைக் கரையவிடாமல் இறுக்கிவிடுகின்றன. ஆகவே கடினநீரில் ஊறவைத்த கடலை மணிக்கணக்கில் கொதித்தாலும் வேகாது.

இந்தக் கடினநீர் இயற்கை தந்தது மட்டுமன்று. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் 1960களிலிருந்து நகரின் தேவைக்கும் தொழிற்சாலைகளின் தேவைக்கும் நிலத்தடிநீர் பேரளவில் உறிஞ்சப்பட்டது. நன்னீர் இறங்க, கடல்நீர் உட்புகுந்தது. கடல்நீர் நிலத்தடியில் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்திருப்பதை ஆய்வுகள் பலமுறை பதிவுசெய்துள்ளன. தொழிற்சாலைகளின் தாகத்துக்கான விலையை, கரையோர மக்கள் தங்கள் உலையில் செலுத்துகிறார்கள். சமையலுக்குக் குடிநீர் வாரியத் தண்ணீரை வாங்கி நிரப்ப வேண்டியிருப்பதும், அது வராத நாளில் கேன் தண்ணீருக்குக் காசு கொடுப்பதும் அந்த விலையின் ஒரு பகுதியே.

எனவே எங்கள் விதி இது: ஊறவைக்கவும் வேகவைக்கவும் நன்னீர், பாத்திரம் கழுவ மட்டுமே ஆழ்துளைக் கிணற்று நீர். 12 கிலோ கடலையை ஊறவைக்க ஏறத்தாழ 40 லிட்டர், வேகவைக்க அதே அளவு எனத் திட்டமிட்டு, முந்தின நாளே பிடித்துவைத்துவிடுகிறோம்.

ஊறவைத்தல்

கொண்டைக்கடலை, காய்ந்த பட்டாணி, மொச்சை ஆகியவற்றுக்கு 8 மணி நேரம் தேவை. காராமணிக்கும் முழுப் பச்சைப்பயற்றுக்கும் 4 முதல் 6 மணி நேரம் போதும். துவரம்பருப்புக்கு அரை மணி நேரமே அதிகம். இரவு 10 மணிக்கு ஊறவைத்தால் காலை 6 மணிக்கு அடுப்பில் ஏற்றலாம். சென்னையின் ஏப்ரல், மே மாதங்களில் அதற்கு மேல் விட்டால் நுரை கட்டிப் புளித்த வாடை வரும். முதலில் கழுவி ஊற்றிய நீரைத் தவிர, இடையில் ஒருமுறை நீரை மாற்றுவது நல்லது. ஊறிய நீரை அப்படியே கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவைத்தால், வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைப் பொருள்களின் ஒரு பகுதி நீங்கும். முதியோரும் குழந்தைகளும் உண்ணும் பந்தியில் இது முக்கியம்.

உப்பைத் தொடக்கத்திலேயே போட்டால் கடலை வேகாது என்று பலர் நம்புகிறோம். உண்மையில் ஊறவைக்கும் நீரில் சிறிதளவு உப்புச் சேர்த்தால் அதிலுள்ள சோடியம், செல்சுவரில் உள்ள கால்சியத்தின் இடத்தைப் பிடித்துத் தோலை இளக்கும். வேகவிடாமல் தடுப்பது உப்பன்று, புளிப்பு. புளிக்கரைசல், தக்காளி, எலுமிச்சை ஆகியவை முன்கூட்டியே விழுந்தால் பெக்டின் கரைவது தாமதமாகும். ஆகவே பருப்பு மசிந்த பின்னரே சாம்பாரில் புளி. ஆப்பசோடா போட்டால் சீக்கிரம் வெந்துவிடும் என்பது மெய்தான். ஆனால் அது தயமின் என்னும் பி1 வைட்டமினை அழித்துவிடும், கூடினால் சோப்பு வாடையும் வரும். வேறு வழியே இல்லாத நாளில் ஒரு சிட்டிகை என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அடுப்பும் தீயும்

12 கிலோ கடலையை ஒரே அண்டாவில் ஏற்றக் கூடாது. அடியில் உள்ளது குழைந்து மேலே உள்ளது வேகாமல் நிற்கும். இரண்டு அண்டாவாகப் பிரித்து, கொதித்து மேலெழுவதற்கு இடம்விட்டு முக்கால் அளவே நிரப்ப வேண்டும். முதற்கொதி வரும்வரை பெருந்தீ. அதன்பின் நடுத்தரத் தீ. மேலே திரளும் நுரையை எடுத்துவிட வேண்டும். திறந்த அண்டாவில் நன்னீரில் ஊறிய கடலை ஒன்றரை மணி நேரத்தில் வெந்துவிடும். விரலிடையில் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் பொட்டு தெரியக் கூடாது. துவரம்பருப்புக்கு மஞ்சள்தூளும் சில துளி விளக்கெண்ணெயும் சேர்த்தால் பொங்கி வழியாது.

ராஜ்மா என்னும் சிவப்புப் பீன்ஸைச் சிலர் இப்போது பொதுப்பந்திக்கும் வாங்குகிறார்கள். அதில் இயல்பாகவே உள்ள லெக்டின் என்னும் நச்சுப்பொருள், அரைவேக்காட்டில் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, புது நீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவெனக் கொதித்த பின்னரே தீயைக் குறைக்க வேண்டும். தொடக்கத்திலிருந்தே சிறுதீயில் வைப்பது ஆபத்து.

சமைத்ததைச் சூட்டோடு பரிமாற வேண்டும். வெதுவெதுப்பான நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கும் பருப்பிலும் சோற்றிலும் நுண்ணுயிர்கள் பெருகும். ஆழமான அண்டாவில் மூடிவைத்த சுண்டல் நடுவில் வெகுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். எனவே பந்தி தாமதமானால் அகன்ற தட்டங்களில் பரப்பிவிட வேண்டும். தேங்காய்த் துருவலைப் பரிமாறும் வேளையிலேயே சேர்க்க வேண்டும். சுண்டல் கெடுவது பெரும்பாலும் தேங்காயால்தான்.

அடுப்பு இருக்குமிடமும் கவனத்துக்குரியது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட பள்ளித் தீ, சத்துணவுக் கூடத்தின் அடுப்பிலிருந்து கீற்றுக்கூரைக்குப் பரவியது. 2013இல் அதே ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. இரண்டிலும் இறந்தவர்கள் ஏழைக் குழந்தைகள். பந்தலுக்குள் அடுப்பு மூட்டாதீர்கள். பழைய மருந்து டப்பாக்களில் எண்ணெயோ தண்ணீரோ ஊற்றாதீர்கள்.

இருபது கிராமின் சட்டம்

இனி, நாங்கள் நன்கறிந்த பகுதிக்கு வருகிறோம். பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவிடும் திட்டத்துக்கு இந்நகரில் நூறாண்டு கடந்த வரலாறு உண்டு. 1920 செப்டம்பரில், நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கில் உள்ள மாநகராட்சிப் பள்ளியில் மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானம் நிறைவேறியது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டமும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமும், 2022இல் மு.க. ஸ்டாலின் ஆட்சியில் காலை உணவுத் திட்டமும் வந்தன. இவை ஆட்சியாளர்களின் அறிவிப்புகளாகத் தொடங்கியவை. உணவு அறிவிப்பிலிருந்து உரிமையாக மாறியது மக்கள் குடியுரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையால். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் தொடக்கக் கல்வி பயிலும் ஒவ்வொரு குழந்தைக்கும் சமைத்த உணவு வழங்க வேண்டும் என்றது நீதிமன்றம். 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைச் சட்டமாக்கியது.

அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, தொடக்கப்பள்ளிக் குழந்தையின் மதிய உணவில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும், நடுநிலை வகுப்புக் குழந்தையின் உணவில் 700 கலோரியும் 20 கிராம் புரதமும் இருக்க வேண்டும். இதற்கான ஒன்றிய அளவுநெறி: தொடக்க வகுப்புக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, நடுநிலை வகுப்புக்கு 150 கிராம் அரிசி, 30 கிராம் பருப்பு.

இந்த எண்களைச் சற்று உடைத்துப் பாருங்கள். 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 7 கிராம் புரதம். 20 கிராம் பருப்பில் நான்கரை கிராம் அளவில். இரண்டும் காய்கறியும் சேர்ந்தால்தான் 12 எட்டும். பருப்பு பாதியானால் சட்டம் சொல்லும் அளவு தவறிப்போகிறது. தமிழ்நாட்டில் முட்டை வழங்கப்படுவது நம் இயக்கங்களும் முற்போக்காளர்களும் போற்றிக் காக்க வேண்டிய கூடுதல் பயன். ஆனால் முட்டை இருக்கிறது என்பதற்காகச் சாம்பார் தண்ணீராகலாம் என்று பொருளில்லை.

இப்போது பெற்றோர் செய்யக்கூடிய கணக்கு எளிது. பிள்ளை படிக்கும் தொடக்கப்பள்ளியில் இன்று 300 பேர் உணவருந்தினால் அண்டாவில் 6 கிலோ பருப்பு விழுந்திருக்க வேண்டும். எங்கள் பொதுப்பந்திச் சாம்பாருக்கும் அதே 6 கிலோதான். அந்தச் சாம்பாரின் அடர்த்தி எப்படியிருக்கும் என்பது பந்தியில் உண்ட ஒவ்வொருவருக்கும் தெரியும். அத்தெளிவோடு பள்ளிக்குச் சென்று பாருங்கள். 2015இன் மதிய உணவு விதிகள், குழந்தைகளுக்குப் பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவர் உட்பட இரண்டு அல்லது மூன்று பெரியவர்கள் உணவைச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்கின்றன. பள்ளி மேலாண்மைக் குழு உணவின் தரத்தைக் கண்காணிக்க வேண்டும். உணவு வழங்கப்படாத நாளுக்கு உணவுப் பாதுகாப்புப் படி தர வேண்டும். குறை இருந்தால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்கீழ் மாவட்டக் குறைதீர் அலுவலரிடமும், 16ஆம் பிரிவின்கீழ் மாநில உணவு ஆணையத்திடமும் முறையிடலாம். இருப்புப் பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. சாம்பார் நீர்த்திருந்தால் முதற்பழியைச் சமையலர் மீது சுமத்தாதீர்கள். அவர் பெரும்பாலும் குறைந்த ஊதியத்தில் உழைக்கும் ஓர் எளிய பெண். அவருக்கு வந்துசேர்ந்த பருப்பு எவ்வளவு என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும்.

யார் கை சமைப்பது?

அண்டாவில் எவ்வளவு விழுகிறது என்பதைவிட, அதைக் கிளறும் கை யாருடையது என்பதில்தான் இச்சமூகம் அதிகக் கவனம் செலுத்துகிறது. அதே வழக்கில் 2004 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் இன்னோர் ஆணையும் பிறப்பித்தது: சமையலர், உதவியாளர் நியமனங்களில் தலித்துகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும். வேலைவாய்ப்பு மட்டும் அதன் பயன் அன்று. தலித் பெண் சமைத்ததை எல்லாக் குழந்தைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்பது தீண்டாமையை அன்றாடம் உடைக்கும் செயல்.

அதனாலேயே எதிர்ப்பும் அங்கே வெடிக்கிறது. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அருந்ததியர் பெண் ஒருவர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தடுத்தனர். நிர்வாகம் முதலில் செய்தது அப்பெண்ணை இடமாற்றியதுதான். எதிர்ப்பு எழுந்த பின்னரே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. 2023 செப்டம்பரில், காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுதும் விரிவாக்கப்பட்ட சில நாட்களிலேயே, கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரிலும் தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியிலும் தலித் பெண்கள் சமைத்த உணவைப் பிள்ளைகள் உண்ணவிடாமல் பெற்றோர் தடுத்தனர். அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் மாவட்ட ஆட்சியர்களும் நேரில் சென்று குழந்தைகளோடு அமர்ந்து உண்ண வேண்டியிருந்தது. அது நல்ல செயல். ஆனால் ஆட்சியர் நாள்தோறும் வந்து உண்ண முடியாது. சட்டம் நாள்தோறும் இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசமைப்பின் 17ஆம் கூறு தீண்டாமையை ஒழித்து, அதைக் கடைப்பிடிப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. 1955இன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 4ஆம் பிரிவில், ஒருவர் தொழிலையோ பணியையோ செய்வதைத் தீண்டாமையின் பேரில் தடுப்பதைக் குற்றம் என்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை அச்செயல் தீண்டாமையின் அடிப்படையிலேயே நிகழ்ந்ததாக நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது அதன் 12ஆம் பிரிவு. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பின், பணிசெய்வதைத் தடுப்பதையும் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு விதிப்பதையும் 3ஆம் பிரிவில் தனித்தனிக் குற்றங்களாக வரையறுக்கிறது. முதல் தகவல் அறிக்கை பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது 18அ பிரிவு. காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலரே புலனாய்வு செய்ய வேண்டும் என்கிறது 7ஆம் விதி. கடமை தவறும் அரசு ஊழியரை 4ஆம் பிரிவு தண்டிக்கிறது.

இங்கே சட்டத்தின் எல்லையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு பெற்றோர் தம் பிள்ளைக்கு வீட்டிலிருந்து உணவு கட்டிக்கொடுத்தால், அதை மட்டும் வைத்துக் குற்றம் மெய்ப்பிப்பது கடினம். பலர் கூடி மிரட்டுவது, பள்ளியைப் பூட்டுவது, சமையலரை மாற்றும்படி நெருக்குவது, சாதி சொல்லி இழிவுபடுத்துவது ஆகியவையே வழக்காகும். எனவே சொல்லப்பட்ட சொற்கள், சொன்னவர்கள், நாள், நேரம், உடனிருந்தோர் ஆகியவற்றை அன்றே எழுதிவைக்க வேண்டும். "சமாதானம்" என்ற பெயரில் சமையலரை இடமாற்றும் ஆணை வந்தால் அதன் நகலைக் கையொப்பத்தோடு கேட்டுப் பெற வேண்டும். காயம்பட்டவரையே இடமாற்றுவது தீர்வாகாது. அந்த ஆணையே வழக்கின் முதன்மைச் சான்றாகும்.

நகரத்துத் தீண்டாமை

இவையெல்லாம் கிராமத்துக் கதைகள் என்று வடசென்னையில் இருப்பவர்கள் ஆறுதல் கொள்ள வேண்டாம். இங்கே சாதி உரத்துப் பேசுவதில்லை. "இன்னைக்கு விரதம்", "வெளியில் சாப்பிடுவதில்லை", "வாட்டர் பாட்டில் மட்டும் போதும்" என்று மென்மையாகப் பேசுகிறது. எங்கள் முகாம்களுக்கு வாழ்த்துச் சொல்ல வந்து, மேடையில் சமத்துவம் பேசிவிட்டு, பந்தி போடும் நேரத்தில் அவசர வேலை நினைவுக்கு வந்து கிளம்பியவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

அடுப்பை ஏழைப் பெண்களின் கையிலிருந்து எடுத்துத் தொலைவிலுள்ள பெருஞ்சமையற்கூடத்துக்குக் கொண்டுபோகும் முயற்சிகளையும் இதன் தொடர்ச்சியாகவே பார்க்கிறோம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் காலை உணவு வழங்கும் பொறுப்பு அட்சய பாத்திரம் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டபோது, வெங்காயமும் பூண்டும் சேர்க்காத அதன் உணவுமுறையை எதிர்த்து 2020இல் குரல்கள் எழுந்தன. எதைச் சமைப்பது என்பதை யார் முடிவுசெய்கிறார்கள் என்ற அந்தக் கேள்வி சரியானதே. எங்கள் குழந்தைகளின் நாவுக்குப் பழகிய சாம்பாரில் சின்ன வெங்காயம் உண்டு.

உணவு ஊதியமாகாது

ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்கு ஒப்படைப்பதை எதிர்த்து, 2025 ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் அமர்ந்தனர். பெரும்பான்மையினர் தலித் பெண்கள். 13 நாட்கள் வெயிலிலும் மழையிலும் நடைபாதையில் இருந்த அவர்கள், உயர் நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறையால் அகற்றப்பட்டனர். மறுநாள் அமைச்சரவை அறிவித்த நலத்திட்டங்களுள் தூய்மைப் பணியாளர்களுக்குக் கட்டணமில்லாக் காலை உணவும் ஒன்று.

விடியுமுன் தெருவுக்கு வரும் தொழிலாளிக்குச் சூடான உணவு தேவை, அதை வரவேற்கிறோம். ஆனால் அவர்கள் கேட்டது பணிப்பாதுகாப்பும் ஊதியக் குறைப்பின்மையும். உணவை உரிமையாகத் தருவது வேறு, உரிமைக்கு மாற்றாக உணவைத் தருவது வேறு. கொடுக்கும் கையின் பெருமைக்காக இடப்படும் சோற்றை நம் மக்கள் நெடுங்காலம் உண்டிருக்கிறார்கள். அதன் சுவை அவர்களுக்குத் தெரியும். பொதுப்பந்தி நமக்கு முக்கியமாவது, அங்கே கொடுப்பவரும் பெறுபவரும் இல்லை என்பதால்.

அடுத்த பந்திக்கு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளமும், அதோடு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய்க் கசிவும், அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிவும் நேர்ந்தன. நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடும் மக்களுக்கு அடுத்த வேளை உணவு எங்கே என்ற கேள்வி எண்ணூரில் எப்போதும் திரும்ப வரலாம். எனவே பெருஞ்சமையல் அறிவு ஏப்ரல் 14க்கும் டிசம்பர் 6க்கும் மட்டும் உரியதன்று. ஒவ்வொரு தெருவிலும் இரண்டு அண்டா, ஒரு பெரிய அடுப்பு, பத்துக் கிலோ பயறு, 100 லிட்டர் நன்னீர், இவற்றைக் கையாளத் தெரிந்த நான்கு பேர் இருப்பது நல்லது. அந்த நால்வரும் பெண்களாகவே இருக்க வேண்டியதில்லை. அவசர நாளில் 8 மணி நேரம் ஊறும் கடலையை நம்பாமல், வறுத்து அப்படியே வேகவைக்கக்கூடிய பச்சைப்பயற்றையும் பாசிப்பருப்பையும் வைத்திருங்கள்.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 13 இரவு, அந்த அம்மா எங்களோடு அமர்ந்து கடலை பொறுக்கினார். வழக்கறிஞர்கள் மூவர் குடம் சுமந்தோம். மறுநாள் பந்தியில் சாதி கேட்டு யாரும் அமரவில்லை. சமைத்தது யார் என்று கேட்டவர்களுக்கு அவர் பெயரை மேடையில் சொன்னோம். முதல் வரிசை முதியவர்கள் எழுந்தபின் இலைகளைப் பார்த்தோம். எந்த இலையோரத்திலும் கடலை ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.